டெல்லி வெயிலில் இரண்டு ஆர்டிஎக்ஸ் 4070

ஒரே சிப்பை வைத்துக்கொண்டு பத்து விதமான பெட்டிகளை விற்பது கிராஃபிக்ஸ் கார்டு வியாபாரத்தின் வழக்கம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 என்று எடுத்துக்கொண்டால் அசூஸில் டூயல், டஃப். எம்எஸ்ஐயில் வென்டஸ், கேமிங் எக்ஸ் டிரையோ. கிகாபைட்டில் விண்ட்ஃபோர்ஸ், ஈகிள், கேமிங் என்று பட்டியல் நீளும். போதாததற்கு, பெயரின் வாலில் ஓசி (ஓவர்கிளாக், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) என்று ஒட்டியது ஒன்று, ஒட்டாதது ஒன்று. உள்ளே இருப்பதென்னவோ ஏடி104 என்ற அதே சிப், அதே 5888 கோர்கள், அதே 12 ஜிபி நினைவகம். விலையில் மட்டும் ஆறாயிரம், எட்டாயிரம் என்று ஏற்ற இறக்கம். டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு பிளேஸில் கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் சார், விசிறிதான் கூடக் குறைய" என்பார். வாங்கிப் பொருத்திவிட்டு மறந்துபோகிறவருக்கு அந்தப் பதில் போதும். ஓவர்கிளாக் செய்யப் போகிறவருக்குப் போதாது.

2024 கோடையில் எனக்கும் ஆர்.கே.புரத்தில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே சமயத்தில் கார்டு மாற்ற வேண்டியிருந்தது. அவனுடையது சிறிய கேபினெட். இரண்டு விசிறிக் கார்டுக்கு மேல் நுழையாது. என்னிடம் இடப் பிரச்சினை இல்லை. ஆகவே அவன் மலிவான இரண்டு விசிறி வகையை வாங்குவது, நான் ஆறாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மூன்று விசிறி வகையை வாங்குவது, இரண்டையும் என் கேபினெட்டிலேயே மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு. நிறுவனங்களின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு வகைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடுகள் எல்லாம் உண்டு என்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை.

முதலில் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றி. 4070-க்கு என்விடியா குறித்திருக்கும் பூஸ்ட் வேகம் 2475 மெகாஹெர்ட்ஸ். தம்பியின் கார்டில் அதே எண். என்னுடையதில் 90 மெகாஹெர்ட்ஸ் கூடுதல். நான்கு சதவீதத்துக்கும் குறைவு. இந்த இடைவெளியைக் காட்டித்தான் ஓசி வகைக்கு விலை ஏற்றுகிறார்கள். ஆனால் பொருத்தி ஓடவிட்டால் இரண்டுமே யாரும் சொல்லாமலே 2600-ஐத் தாண்டி நிற்கும். இன்னும் மின்சாரம் மிச்சம் இருக்கிறதா, சூடு ஏறாமல் இருக்கிறதா, மின்னழுத்தத்துக்கு இடம் இருக்கிறதா என்று கார்டு தன்னைத்தானே ஓயாமல் சோதித்துக்கொண்டு, இருக்கும்வரை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏறிக்கொண்டே போகும். அச்சிட்ட பூஸ்ட் வேகம் இதற்குத் தொடக்கப்புள்ளி மட்டுமே. கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஒரு கோட்டை இழுத்தால் கிடைத்துவிடும் 90 மெகாஹெர்ட்ஸுக்குக் காசு கொடுப்பது வீண்.

காசு கொடுக்க வேண்டியது மின்வரம்புக்கு. பவர் லிமிட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். கார்டு முழுவதும் சேர்ந்து எத்தனை வாட் எடுக்கலாம் என்பது அதன் பயாஸில், அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில், எழுதப்பட்டிருக்கிறது. 4070-க்கு இயல்பு அளவு 200 வாட். அந்த இயல்பு அளவைத் தாண்டி எதுவரை உயர்த்த அனுமதி என்பது வகைக்கு வகை மாறும். இதைப் பெட்டியில் போடமாட்டார்கள். நிறுவனத்தின் தளத்திலும் பெரும்பாலும் இருக்காது. டெக்பவர்அப் தளத்தில் இருக்கும் பயாஸ் தொகுப்பில் ஒவ்வொரு வகையின் பயாஸையும் திறந்தால் நடுவில் ஓரிடத்தில் இரண்டு எண்கள் தெரியும்: இலக்கு இத்தனை வாட், உச்சம் இத்தனை வாட். தம்பியின் கார்டுக்கு இரண்டும் 200. என்னுடையதற்கு 200, 220. கடைக்குக் கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஓவர்கிளாக் நோக்கத்தோடு வாங்குகிறவர் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த இரண்டு எண்களைப் படித்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஆஃப்டர்பர்னரில் மின்வரம்புக் கோடு நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேல் என்ன வித்தை காட்டினாலும் அந்த 200 வாட்டுக்குள்தான்.

மின் இணைப்பைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட். மதர்போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட். அதிலும் 12 வோல்ட் கம்பி தருவது 66 வாட்தான், மீதி 3.3 வோல்ட்டில் வருகிறது. ஆக ஒற்றை 8 பின் உள்ள கார்டுக்குக் காகிதக் கணக்கிலேயே 225 வாட்தான் கூரை. அந்தக் கூரையில் தலை இடிக்காமல் இருக்க நிறுவனம் சற்றுக் கீழேயே வரம்பை வைக்கும். 16 பின் உள்ள வகைகளில் இந்த நெருக்கடி இல்லை. இரண்டு 8 பின்களைச் சேர்க்கும் இணைப்பியோடு வருகிற கார்டுக்கு அதன் வழியாக மட்டுமே 300 வாட் கிடைக்கும். ஆனால் 16 பின் இருக்கிறது என்பதற்காக மின்வரம்பும் உயரமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதே 16 பின்னை வைத்துக்கொண்டு 200 வாட்டில் பூட்டி விற்கிற வகைகளும் உண்டு. பயாஸ் எண்தான் கடைசிச் சொல்.

மூன்றாவது, சிப்புக்கு மின்சாரம் ஊட்டும் பகுதி. 12 வோல்ட்டாக வருவதை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் சுற்று அது. சிப் மட்டும் 150 வாட் எடுத்துக்கொள்கிறது என்றால், ஒரு வோல்ட்டில் அது 150 ஆம்பியர். வீட்டு மீட்டர் அருகே இருக்கும் எம்சிபி 32 ஆம்பியரிலோ 40 ஆம்பியரிலோ விழுந்துவிடும் என்பதை நினைத்துக்கொண்டால், கையகலப் பலகை ஒன்றில் ஓடுவது எவ்வளவு பெரிய மின்னோட்டம் என்று புரியும். மலிவான வகையில் இந்தச் சுற்றின் கிளைகளைக் குறைத்திருப்பார்கள். 200 வாட்டுக்குள் இருக்கும்வரை அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிளையும் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். 4070 போன்ற சிக்கனமான சிப்பில் இதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பலகையைப் படம் பிடித்துக் கிளைகளை எண்ணி வாதாடுகிறவர்கள் 350 வாட் கார்டுகளுக்கு அந்த உழைப்பைச் செலவிடலாம்.

நேரு பிளேஸில் கடைக்காரர் எடுத்து வைத்த பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பகுதி எண்ணை நாங்கள் போனில் குறித்து வைத்திருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். ஒரே படம் போட்ட இரண்டு பெட்டிகள், கடைசி எழுத்துகள் மட்டும் வேறு என்பது சாதாரணம். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருவதாகவும் ஒருவர் சொன்னார். 18 சதவீத ஜிஎஸ்டியில் ஒரு பகுதி மிச்சமாகும் ஆசையில் மூன்று வருட உத்தரவாதத்தை இழக்க நாங்கள் தயாராக இல்லை. அதிலும் ஓவர்கிளாக் செய்யப் போகிற கார்டுக்கு வரிசை எண் எழுதிய பில் கட்டாயம் வேண்டும்.

சோதனை மேடை என் அறைதான், மயூர் விஹாரில் மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. 750 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), முன்பக்கம் மூன்று விசிறிகள், பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டுக் கண்ணாடி மூடியே இருந்தது. மூடியைத் திறந்து வைத்துச் சோதித்து எண்களைப் பெருமையாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாரும் திறந்து வைத்து விளையாடுவதில்லை. அறையில் ஏசி கிடையாது. டெல்லிக்காரர்கள் கூலர் என்று சொல்லும் தண்ணீர்ப் பெட்டிதான். வெட்டிவேர்த் தட்டி நனைந்து வரும் மணம் அருமையாக இருக்கும். ஆனால் அந்த ஈரக் காற்று கம்ப்யூட்டரின் முகத்துக்கு நேராக வரும்படி வைக்காதீர்கள். கடின நீரின் உப்பும் டெல்லிப் புழுதியும் சேர்ந்து, சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இதழ்களுக்கு நடுவே படிந்துவிட்டால் பிளோயர் வைத்து ஊதினாலும் போகாது. கூலரை வாசல் பக்கம் திருப்பிவிட்டேன். அறை வெப்பம் 36 டிகிரியில் நின்றபோது சோதனைகளைச் செய்தேன். சுவரில் மாட்டிய வெப்பமானியோடு இன்னொன்றை கேபினெட்டின் முன்விசிறி அருகிலும் வைத்தேன். சென்சாரை ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். அந்த மே மாதம் 29-ஆம் தேதி முங்கேஷ்பூர் நிலையத்தில் 52.9 டிகிரி பதிவாகி நாடே அலறியது. பிறகு கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியதாக வானிலைத் துறையே சொன்னது.

எதையும் தொடாமல், வாங்கியபடியே, கார்டின் திறனை அளந்து மதிப்பெண் தரும் 3டிமார்க் ஸ்பீட்வே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். தம்பியின் கார்டு சராசரியாக 2655 மெகாஹெர்ட்ஸ், சிப் 75 டிகிரி, அதன் மிகச் சூடான புள்ளி 89 டிகிரி. என்னுடையது 2715, 65, 77. இரண்டும் 200 வாட்தான் எடுத்தன. அதே சிப், அதே வாட், இருந்தும் 60 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம். இதில் ஒரு பகுதி சிப்புக்குச் சிப் இருக்கும் இயற்கை வேறுபாடு. இன்னொரு பகுதி சூடு. சிலிக்கான் சூடாகச் சூடாக வேலை ஏதும் செய்யாமலே கசியும் மின்னோட்டம் கூடும். 200 வாட்டில் கசிவுக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவு வேகத்துக்குக் குறையும். பெரிய ஹீட்சிங்க் சத்தத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, மின்வரம்பில் முட்டி நிற்கும் கார்டுக்கு வேகத்தையும் தருகிறது. ஊட்டியில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது அலங்காரத் தகவல். ஜூன் மாத டெல்லியில் இது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு.

இனி ஓவர்கிளாக். ஆஃப்டர்பர்னரில் மின்வரம்பை அதன் உச்சத்துக்குத் தள்ளிவிட்டு, கோர் வேகத்தை 60 கூட்டி, அங்கிருந்து 15, 15 ஆக ஏறுவது என் முறை. பக்கத்தில் கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் திறந்திருக்கும். அதில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி உண்டு. கார்டை இந்த நொடி எது தடுத்து நிறுத்துகிறது என்று அது சொல்லும். பவர் என்றால் மின்வரம்பு, விரெல் என்றால் மின்னழுத்த உச்சம், தெர்ம் என்றால் வெப்பம். மற்ற எண்களைவிட நான் அதிகம் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். தம்பியின் கார்டில் ஸ்பீட்வே ஓடும் நேரம் முழுவதும் பவர் என்றே இருந்தது, ஒரு கணமும் மாறவில்லை. என்னுடையதில் 220 வாட்டிலும் பெரும்பாலும் பவர்தான், ஆனால் இலகுவான காட்சிகளில் விரெல் வந்து போனது. 1.1 வோல்ட்டுக்கு மேல் இந்தத் தலைமுறையில் எந்தக் கோட்டை இழுத்தும் கிடைக்காது.

என் கார்டு 165 கூட்டியதும் நின்றது. 180-இல் சோதனை பாதியில் மூடிக்கொண்டது. தம்பியின் கார்டு 210 வரை போனது. "அண்ணா, ஆறாயிரம் குறைவாகக் கொடுத்து நல்ல சிப்பை நான் தட்டிக்கொண்டேன் பாருங்கள்" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. சிப் அமைவது அதிர்ஷ்டம்; மலிவான பெட்டிக்குள் தங்கமும் விலை உயர்ந்த பெட்டிக்குள் தகரமும் அகப்படலாம் என்பது உண்மைதான். ஆனால் அன்று மாலையே அவன் பழைய, இலகுவான பந்தய விளையாட்டு ஒன்றைத் திறந்தான். முகப்புத் திரையிலேயே படம் உறைந்து, கார்டின் டிரைவர் மென்பொருள் விழுந்து, டெஸ்க்டாப் வந்து நின்றது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மின்வரம்பு தாழ்ந்த கார்டுகளில் அடிக்கடி நடப்பது இது. கார்டுக்குள் இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு வளைகோடு இருக்கிறது. 210 கூட்டுவது என்றால் அந்தக் கோடு முழுவதையும் 210 மேலே தூக்குவது. ஸ்பீட்வே போன்ற கனமான சோதனையில் 200 வாட் வரம்பு கார்டை அழுத்திக் கோட்டின் நடுப்பகுதியிலேயே, ஒரு வோல்ட்டுக்குக் கீழேயே வைத்திருக்கிறது. கோட்டின் மேல்முனைக்கு அது போகவே இல்லை. ஆகவே மேல்முனை தாங்குமா என்று யாரும் சோதிக்கவும் இல்லை. இலகுவான விளையாட்டில் வாட் கணக்கு இடிக்காது. கார்டு நேராக மேல்முனைக்கு ஏறி 3000-ஐத் தாண்டியது. அங்கே சிப்புக்கு மூச்சு முட்டியது. கனமான சோதனையில் தேறியதை வைத்துச் சிப் நல்லது என்று சொல்ல முடியாது. பிறகு பழைய விளையாட்டு, வீடியோ, முகப்புத் திரை என்று இலகுவான வேலைகளிலும் சோதித்தபோது அவனுடைய கார்டு 150-இல்தான் நிலைத்தது. என்னுடையது 165-இலேயே எல்லாவற்றையும் தாண்டியது, மின்வரம்பு உயரமாக இருந்ததால் கனமான சோதனையிலேயே மேல்முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டிருந்தது.

நினைவகத்தைப் பற்றி. ஜிடிடிஆர்6எக்ஸ் 21 ஜிகாபிட் வேகத்தில் 192 பிட் பாதையில் வருகிறது. நொடிக்கு 504 ஜிபி. ஆஃப்டர்பர்னர் இதை 10501 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். ஆயிரம் கூட்டினால் 23 ஜிகாபிட், அதாவது 552 ஜிபி. இரண்டு கார்டும் ஆயிரத்தை எளிதாகத் தாங்கின. ஆனால் இந்த நினைவகம் பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் வசதி கொண்டது. எல்லை தாண்டினால் திரையில் புள்ளியோ கோடோ தோன்றாமல், அனுப்பியதையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டு மெதுவாகத் தளரும். திரையைப் பார்த்து முடிவெடுக்காமல் மதிப்பெண்ணைப் பாருங்கள். என் கார்டில் 1200 வரை மதிப்பெண் ஏறியது, 1400-இல் இறங்கியது. படம் கண்ணாடி போலத்தான் இருந்தது. இன்னொன்று, நினைவகமும் அதே 200 வாட்டிலிருந்துதான் சாப்பிடுகிறது. தம்பியின் கார்டில் நினைவகத்தை ஏற்றியதும் கோர் வேகம் சற்றே சரிந்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பூட்டிய கார்டில் ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றிலிருந்து எடுத்துவிடும்.

முடிவில் ஸ்பீட்வே மதிப்பெண்: தம்பியின் கார்டு 4430-இலிருந்து 4650, என்னுடையது 4480-இலிருந்து 4800. அவனுக்கு ஐந்து சதவீதம், எனக்கு ஏழு. இரண்டு கார்டுக்கும் இடையே மூன்று சதவீதத்தை ஒட்டி. நொடிக்கு அறுபது சட்டம் (ஃபிரேம்) ஓடும் விளையாட்டில் அது இரண்டு சட்டம். மின்செலவு வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுவதால், பத்து சதவீதம் வாட் கூட்டினால் வேகத்தில் மூன்று சதவீதம்தான் கிடைக்கும். என் கார்டுக்குக் கொடுத்த 20 வாட் அந்தக் கணக்கைத்தான் திருப்பித் தந்தது.

இரண்டு சட்டத்துக்கு ஆறாயிரமா என்று என் மனைவி கேட்டதும் இதுதான். சட்டக் கணக்கு மட்டும் பார்த்தால் பதில் இல்லை. ஆனால் 36 டிகிரி அறையில் தம்பியின் கார்டு ஓவர்கிளாக்கில் 78 டிகிரியைத் தொட்டு, விசிறிகள் கூலரையும் மீறிக் கேட்டன. என்னுடையது 69-இல் நின்றது, விசிறிச் சத்தம் கூலர் சத்தத்துக்குள் அடங்கியது. டெல்லியில் நான்கு மாதம் இதோடு உட்கார வேண்டும் என்பதால் எனக்கு அது பெறுமானம். ஏசி அறையில் இருக்கிறவருக்கு மலிவான வகையே சரி.

தம்பிக்கு நான் செய்து கொடுத்தது வேறு வேலை. 200 வாட்டில் பூட்டிய கார்டை மேலே தூக்கி மல்லுக்கட்டுவதைவிட, அதே வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடச் செய்வது புத்திசாலித்தனம். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால் அந்த வளைகோடு புள்ளிகளோடு திறக்கும். 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 2715-க்கு உயர்த்தி, அதற்கு வலப்புறம் இருக்கும் எல்லாப் புள்ளிகளையும் அதே உயரத்துக்குச் சமமாக்கிவிட்டோம். கோடு அங்கிருந்து தரையாக ஓடும். கார்டு அதற்கு மேல் ஏறவே ஏறாது, ஆகவே இலகுவான விளையாட்டில் மேல்முனைக்கு ஓடி விழும் தொல்லையும் இல்லை. புள்ளியை நகர்த்தும்போது கார்டு குளிர்ந்து கிடந்தால், சூடானதும் கோடு ஒன்றிரண்டு படி தானே இறங்கும். சோதனை ஓடிச் சூடேறியபிறகு திருத்துவது நல்லது. நினைவகத்துக்கு ஆயிரத்தை அப்படியே விட்டோம். ஸ்பீட்வே 4590, செலவு 175 வாட் அளவில், சிப் 70 டிகிரி. வாங்கியபடி ஓடியதைவிட வேகம் அதிகம், மின்சாரம் குறைவு. அவனுடைய சிறிய கேபினெட்டுக்குத் திரும்பிப் போனபிறகு இன்னும் மூன்று டிகிரி ஏறியது, அதனால் குற்றமில்லை.

மலிவான வகைகளில் இன்னொரு பிரச்சினை காயில் (மின்சுருள்) சத்தம். சட்டங்கள் நூற்றுக்கு மேல் போகும்போது தம்பியின் கார்டிலிருந்து மெல்லிய கீச்சொலி. மின்னழுத்தத்தைக் குறைத்ததும் அதுவும் பாதியாகக் குறைந்தது. விலை உயர்ந்த வகைகளிலும் இது வரும். முன்கூட்டி அறிய வழியில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 2024 ஜனவரியில் வந்த 4070 சூப்பரில் 7168 கோர்கள். 5888-ஐ எவ்வளவு விரட்டினாலும் அந்த இடைவெளியை எட்டாது. உயர்ந்த 4070 வகையின் விலை மலிவான சூப்பரை நெருங்கினால் கண்ணை மூடிக்கொண்டு சூப்பரை வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கிய நேரத்தில் எங்கள் கையிலிருந்த பணத்துக்குச் சூப்பர் எட்டவில்லை, அதனால்தான் இத்தனை கணக்கு. அடுத்தது, 2024 ஆகஸ்டில் 4070-லேயே ஜிடிடிஆர்6 நினைவகத்தோடு இன்னொரு வகையை என்விடியா அறிவித்தது. 20 ஜிகாபிட், நொடிக்கு 480 ஜிபி. மற்றதெல்லாம் அதேதான். பெட்டியில் நினைவக வகையைச் சொல்லும் சிறிய எழுத்தில் எக்ஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய சோதனை எண்களை நம்பி வாங்கினால் அவை வேறு நினைவகத்தின் எண்கள்.

220 வாட் பயாஸை எடுத்துத் தன் கார்டில் ஏற்றலாமா என்று தம்பி கேட்டான். என்விடியாவின் பழைய மேக்ஸ்வெல் தலைமுறைக் காலத்தில் பயாஸைத் திறந்து எண்ணை மாற்றி எழுதியே ஏற்றினார்கள். 2016-இல் அடுத்த தலைமுறையான பாஸ்கல் வந்ததிலிருந்து கையொப்பம் இல்லாத பயாஸை கார்டு ஏற்காது. இன்னொரு வகையின் கையொப்பமிட்ட பயாஸை ஏற்றுவதற்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் விசிறிக் கணக்கும் மின்சுற்றுக் கணக்கும் அந்த வேறொரு பலகைக்காக எழுதப்பட்டவை. அவனுடைய கார்டில் மாற்று பயாஸுக்கான சுவிட்ச் கிடையாது, ஒற்றை 8 பின், 75 டிகிரியில் ஏற்கெனவே இரையும் ஹீட்சிங்க். மூன்று சதவீதத்துக்காக வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டான்.

ஜனவரியில் அறை 14 டிகிரிக்கு இறங்கியபோது என் கார்டை மறுபடி பார்த்தேன். கோடையில் 69-இல் நின்றது இப்போது 47. குளிர்ந்த கார்டு அதே 165 கூட்டலில் இரண்டு படி, அதாவது 30 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறுகிறது. ஸ்பீட்வேயில் அது லாபம். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டவுடன், ஹீட்சிங்க் தொட்டால் சில்லென்று இருக்கும்போது, விளையாட்டின் முகப்புத் திரையில் 3000-க்கு மேல் போய் இரண்டொரு தடவை விழுந்தது. கோடையில் தாங்கிய எண் குளிர்காலத்தில் தாங்கவில்லை. இப்போது ஆஃப்டர்பர்னரில் முதல் சேமிப்பு 165, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இரண்டாவது 135, மற்ற மாதங்களுக்கு. நினைவகம் இரண்டிலும் 1200.